புழுவுக்கு ஆயிரம் கட்டுரை, காலுக்கு?

முதல்லயே ஒரு டிஸ்கி போட்டுடறேன். நான் டாக்டர் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. தூக்கம் வராத ராத்திரிகளில் பப்மெட்டில் கட்டுரைச் சுருக்கங்களை மேயுற பழக்கம் மட்டும் உண்டு. சில பேர் பழைய பாட்டு கேட்பாங்க, சில பேர் கிரிக்கெட் ஹைலைட்ஸ் பார்ப்பாங்க, நமக்கு இது. பப்மெட் தெரியாதவங்களுக்கு: அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் இலவசமா நடத்துற மருத்துவ ஆராய்ச்சிக் கட்டுரைகளோட அட்டவணை. கட்டுரை முழுசா கிடைக்கலைன்னாலும் சுருக்கம் பெரும்பாலும் கிடைக்கும். ஓசிதான், யார் வேணா போய்ப் பார்க்கலாம்.

கொஞ்ச நாளா நான் மேய்ஞ்சுட்டு இருக்கறது யானைக்கால் நோய் பற்றிய கட்டுரைகள். படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருக்கு, அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ, காபி ஏதாவது எடுத்துட்டு வந்து உட்காருங்க.

நம்ம ஊர்ல இந்த நோயை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தஞ்சாவூர், கும்பகோணம், சென்னை, பாண்டிச்சேரின்னு எந்தப் பக்கத்துக்காரங்களும் தெருவுல ஒருத்தரையாவது பார்த்திருப்பீங்க. ஆனா நோய் எப்படி வேலை செய்யுதுன்னு சுருக்கமா சொல்லிடறேன், பின்னாடி சொல்லப்போற விஷயத்துக்கு அது வேணும்.

காரணம் ஒரு நூல் மாதிரி புழு. பேரு உச்செரேரியா பாங்க்ராஃப்டி. சாக்கடைத் தண்ணியில முட்டை போடுற க்யூலெக்ஸ் கொசு கடிச்சு உடம்புக்குள்ள வருது. நிணநீர்க் குழாய்களுக்குள்ள வருஷக்கணக்கா குடியிருந்து லட்சக்கணக்குல குட்டி போடுது. அந்தக் குட்டிகள் ராத்திரியில மட்டும் ரத்தத்துல சுத்தும். அதனாலதான் சுகாதாரத்துறை ஆட்கள் ராத்திரி பத்து மணிக்கு மேல வீடு வீடா வந்து விரல் நுனியில குத்தி ரத்தம் எடுப்பாங்க. புழு இருக்கற இடத்துல நிணநீர்க் குழாய் விரிஞ்சு, வேலை செய்யாம போயிடும். கால்ல நீர் தேங்க ஆரம்பிக்கும். ஆம்பளைங்களுக்கு விரைவீக்கம் வரும்.

இதுவரைக்கும் பாடப்புத்தகம். பலருக்குத் தெரியாதது அடுத்த கட்டம். நீர் தேங்கின கால்ல தோல் பலவீனமா இருக்கும். விரல் இடுக்குல சேத்துப்புண், சின்ன வெடிப்பு, கீறல் எது வந்தாலும் சாதாரண பாக்டீரியா உள்ள போயிடும். உடனே நெறி கட்டும், கால் சிவந்து நெருப்பா கொதிக்கும், குளிர் காய்ச்சல் தூக்கிப் போடும். நாலைஞ்சு நாள் எழுந்திரிக்க முடியாது. ஒவ்வொரு தடவை இந்தக் காய்ச்சல் வந்து போகும்போதும் வீக்கம் ஒரு படி ஏறும். கால் யானைக்கால் ஆகறது இப்படித்தான். உள்ள இருந்த புழு எப்பவோ செத்துப் போயிருக்கலாம். ஆனா காய்ச்சல் நிக்காது, வீக்கம் நிக்காது.

அதாவது இந்த நோய்க்கு ரெண்டு கதை இருக்கு. ஒண்ணு புழுவோட கதை, இன்னொண்ணு காலோட கதை. வெளியாகிற ஆராய்ச்சிகள் பெரும்பாலும் முதல் கதையைத்தான் சொல்லுது. ரெண்டாவதுக்கு ஓரத்துல ஒரு நாற்காலி போட்டு வெச்சிருக்காங்க. இதுதான் என் உறுத்தல்.

*

வரலாற்றைப் பார்த்தா இது இன்னும் தெளிவாத் தெரியும்.

ஆராய்ச்சின்னு ஒண்ணு வர்றதுக்கு முன்னாடி சாபம்தான் இருந்தது. 16-ம் நூற்றாண்டோட கடைசியில கோவாவுக்கு வந்த டச்சுக்காரர் லின்ஸ்கோட்டன் இந்த வீங்கின கால்களைப் பத்தி எழுதியிருக்கார். மயிலாப்பூர்ல புனித தோமையாரைக் கொன்னவங்களோட வம்சத்துக்கு வந்த சாபம்னு அப்ப உலவின கதையையும் சேர்த்து எழுதி வெச்சார். நோய் வந்தவன் மேலயே பழி.

முதல் அலை, கண்டுபிடிப்பு அலை. 1863-ல பாரிஸ்ல தெமார்க்கே, 1866-ல பிரேசில்ல உச்செரர், 1872-ல கல்கத்தாவுல டிமோத்தி லூயிஸ், 1876-ல ஆஸ்திரேலியாவுல ஜோசப் பாங்க்ராஃப்ட்னு ஆளுக்கு ஒரு துண்டா புழுவைக் கண்டுபிடிச்சாங்க. 1877-ல சீனாவோட அமாய் நகரத்துல பேட்ரிக் மேன்சன் இந்தப் புழு கொசுவோட வயித்துக்குள்ள வளருதுன்னு காட்டினார். ஒரு பூச்சிக்கு மனுஷ நோயில பங்கு இருக்குன்னு நிரூபிச்ச முதல் ஆய்வு அதுதான். மலேரியா கண்டுபிடிப்புக்கே அதுதான் வழி காட்டுச்சு.

அந்தச் சோதனைக்கு மேன்சன் பயன்படுத்தினது தன் தோட்டக்காரர் ஹின் லோவை. அவர் ரத்தத்துல புழுக்குட்டிகள் இருந்தது. ஒரு சின்ன அறையில அவரைத் தூங்க வெச்சு, கதவைத் திறந்து கொசுவை உள்ள விட்டு, கதவை மூடி, காலையில ரத்தம் குடிச்சு உப்பின கொசுக்களைப் பிடிச்சு அறுத்துப் பார்த்தாங்க. கொசுவுக்குள்ள என்ன நடந்ததுன்னு விலாவாரியா நமக்குத் தெரியும். ஹின் லோ? நான் படிச்ச வரைக்கும் எல்லாப் புத்தகத்துலயும் அவர் ஒரு வரியில வந்து ஒரு வரியில போயிடறார். அந்த அறையில ஆரம்பிச்ச பழக்கம் இன்னும் போகலைன்னு எனக்குத் தோணும்.

ரெண்டாவது அலை, மருந்து அலை. இரண்டாம் உலகப் போர்ல பசிபிக் தீவுகளுக்குப் போன ஆயிரக்கணக்கான அமெரிக்க வீரர்களுக்கு இந்தப் புழு தொத்துச்சு. அதுக்கப்புறம் மருந்து தேடுற வேகம் கூடினதுல ஆச்சரியம் இல்லை. 1947-ல டைஎத்தில்கார்பமசின், சுருக்கமா டி.இ.சி, வந்தது. அதைக் கண்டுபிடிச்ச லெடர்லி ஆய்வகத்துக்குத் தலைமை தாங்கினவர் யாருன்னு நினைக்கறீங்க? நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில படிச்ச எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமாவரத்துல பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில படிச்சு, கதர் சட்டை போட்டதால ஆங்கிலேயப் பேராசிரியரோட கோபத்துக்கு ஆளாகி எம்.பி.பி.எஸ் பட்டம் கிடைக்காம எல்.எம்.எஸ் மட்டும் வாங்கிட்டு அமெரிக்கா போனவர். 75 வருஷத்துக்கு மேல ஆகியும் இன்னிக்கும் நம்ம நாட்டுல யானைக்கால் நோய்க்கு அடிப்படை மருந்து அதே டி.இ.சி மாத்திரைதான். (சுப்பாராவைப் பத்தி தனியா ஒரு பதிவே போடலாம். யாராவது போடுங்கப்பா.)

இந்த அலையில நம்ம பக்கத்துலயும் நல்ல வேலைகள் நடந்தது. 1975-ல பாண்டிச்சேரியில ஆரம்பிச்ச நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1981-ல இருந்து 85 வரைக்கும் அந்த ஊர் சாக்கடை, கொசு, மனுஷன் எல்லாத்தையும் கணக்கெடுத்து ஒரு பெரிய கட்டுப்பாட்டுத் திட்டம் நடத்துச்சு. காரைக்கால்ல உப்புல டி.இ.சி கலந்து கொடுத்துப் பார்த்தாங்க. இதே உப்பு வைத்தியத்தைப் பெரிய அளவுல செஞ்ச சீனா, 2007-ல யானைக்கால் நோயை ஒழிச்ச முதல் நாடா அறிவிக்கப்பட்டது. நாம உப்பை விட்டுட்டு மாத்திரைக்குப் போயிட்டோம்.

மூணாவது அலை, ஒழிப்பு அலை. இதுலதான் கட்டுரைகள் குவிய ஆரம்பிக்குது. 1997-ல உலக சுகாதார சபை இந்த நோயை ஒழிக்கணும்னு தீர்மானம் போட்டது. 2000-ல உலகளாவிய ஒழிப்புத் திட்டம் ஆரம்பிச்சது, 2020-க்குள்ள முடிக்கறதா இலக்கு. மருந்து கம்பெனிகள் மாத்திரையை இலவசமா கொடுக்க முன்வந்தாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை ஊர்ல உள்ள எல்லாருக்கும், நோய் இருக்கோ இல்லையோ, மாத்திரை. இந்தியாவுல 2004-ல இருந்து நாடு முழுக்க நடந்தது. ரேஷன் கார்டு மாதிரி ஒரு நோட்டோட வீட்டு வாசல்ல வந்து நின்னு "இப்பவே என் முன்னாடி முழுங்குங்க"ன்னு சொன்ன சுகாதாரப் பணியாளரை உங்கள்ல பல பேருக்கு ஞாபகம் இருக்கும். முழுங்கறதா சொல்லி மாத்திரையை மடிச்சு வெச்சுக்கிட்டவங்களுக்கும் ஞாபகம் இருக்கும் :-)

இதே காலத்துலதான் "புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள்"ங்கற பேரும் பிரபலமாச்சு. 2007-ல இந்த நோய்களுக்குன்னே ப்ளோஸ் குழுமம் ஒரு இலவச ஆய்விதழ் ஆரம்பிச்சது. யார் வேணா காசு கொடுக்காம படிக்கலாம். நம்மள மாதிரி ஆட்களுக்கு அது பெரிய வரம். அதே 2007-ல புழுக் குடும்பத்தைச் சேர்ந்த புரூகியா மலாயியோட மரபணுத் தொகுதி சயின்ஸ் இதழ்ல வெளியாச்சு. புழுவுக்குள்ள குடியிருக்கற வொல்பேக்கியா பாக்டீரியாவைக் கொன்னா புழுவும் சாகும்னு டாக்ஸிசைக்ளின் ஆய்வுகள் வந்தது. 2018-ல மூணு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தா புழுக்குட்டிகள் இன்னும் நல்லா அழியுதுன்னு பப்புவா நியூ கினியாவுல நடந்த ஆய்வு வந்தது. அந்த வருஷக் கடைசியிலேயே பீகார்ல அந்த மும்மருந்து முறை தொடங்கிடுச்சு.

எல்லாம் அருமையான வேலை, மறுக்கலை. பாண்டிச்சேரியில எண்பதுகள்ல எடுத்த கணக்கை வெச்சு ராட்டர்டாம்காரங்களோட சேர்ந்து லிம்ஃபாசிம்னு ஒரு கணினி மாதிரியே செஞ்சாங்க. எத்தனை வருஷம் மாத்திரை கொடுத்தா புழு ஒழியும்னு அது கணக்குப் போட்டுச் சொல்லும். நம்ம ஊர் சாக்கடைக் கொசு நெதர்லாந்து வரைக்கும் போயிருக்குன்னா சும்மாவா.

*

இப்ப கவனிச்சுப் பாருங்க. இந்த அலைகள் எல்லாத்துலயும் அளக்கறது எதை? புழுக்குட்டி எத்தனை, கொசுவுல எத்தனை, ரத்தத்துல ஆன்டிஜன் இருக்கா, மாத்திரை எத்தனை சதவீதம் பேர் முழுங்கினாங்க. ஒரு மாவட்டத்துல மாத்திரையை நிறுத்தலாமான்னு முடிவு பண்ண ஒரு பரிட்சை இருக்கு. பரிட்சை யாருக்குத் தெரியுமா? 6, 7 வயசுக் குழந்தைகளுக்கு. அவங்க ரத்தத்துல புழுவோட அடையாளம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழ இருந்தா ஊர் பாஸ். புதுசா தொத்துதா இல்லையான்னு தெரிஞ்சுக்க அதுதான் சரியான வழி. ஆனா அதே தெருவுல 60 வயசுல வீங்கின காலோட திண்ணையில உட்கார்ந்திருக்கற அம்மா அந்தப் பரிட்சையில எங்கயும் வரமாட்டாங்க. ஊர் பாஸ் ஆகறதுக்கும் அவங்க காய்ச்சலுக்கும் சம்பந்தமே இல்லை.

கட்டுரைகளோட முன்னுரைகளைப் படிச்சா இன்னொரு வேடிக்கை. ரொம்ப வருஷம் ஏறக்குறைய எல்லாக் கட்டுரையும் ஒரே வாக்கியத்துலதான் ஆரம்பிக்கும்: உலகத்துல 12 கோடி பேருக்குத் தொற்று, அதுல 4 கோடி பேருக்கு வீக்கமோ ஊனமோ. விரிச்சுச் சொன்னா 2.5 கோடி ஆண்களுக்கு விரைவீக்கம், 1.5 கோடி பேருக்குக் கால் வீக்கம். இந்த எண்ணைப் போட்டு நோயோட கொடுமையைச் சொல்லிட்டு, அடுத்த பத்தியில கட்டுரை கொசுவுக்குப் போயிடும். வீங்கின கால் வாசல்ல நின்னு ஆள் கூப்பிடுது, உள்ள போனா அதுக்கு இலை போடலை.

தொற்று எண்ணிக்கை மட்டும் நல்லா குறைஞ்சிருக்கு. 2018 நிலவரப்படி சுமார் 5 கோடியே 10 லட்சம்னு உலக சுகாதார நிறுவனத்தோட மதிப்பீடு. காலை யாரு மறுபடி எண்ணினது? பல ஊர்கள்ல முறையான கணக்கே இப்பத்தான் எடுக்கறாங்க.

காலைப் பத்தி ஆராய்ச்சியே இல்லைன்னு சொல்ல வரலை. இருக்கறது கொஞ்சம், ஆனா அது சொல்ற சேதி பெருசு.

பிரேசிலோட ரெசிஃபே நகரத்துல ஜெருசா டிரேயர்னு ஒரு மருத்துவர். 1994-ல அவங்க குழு அல்ட்ராசவுண்ட்ல உயிரோட இருக்கற புழு நிணநீர்க் குழாய்க்குள்ள நெளியறதைப் படம் பிடிச்சாங்க. "ஃபைலேரியா நடனம்"னு பேரு வெச்சு அமெரிக்க வெப்பமண்டல மருத்துவ ஆய்விதழ்ல வந்து உலகப் புகழ் ஆச்சு. அதே டிரேயர்தான் நோயாளிகளைக் கிட்ட இருந்து கவனிச்சு, வீக்கத்தை வளர்க்கறது பாக்டீரியாவும் அது நுழையுற விரல் இடுக்குப் புண்ணும்தான்னு அடிச்சுச் சொன்னாங்க. அவங்க வைத்தியம் என்ன? தினமும் சோப்பு போட்டுக் கழுவு. விரல் இடுக்கை ஈரமில்லாம துடை. புண் இருந்தா களிம்பு போடு. காலை உயர்த்தி வை, கணுக்காலை அசை, செருப்பு போடு. புழுவோட நடனத்தைக் கண்டுபிடிச்சவங்க கடைசியில வந்து நின்னது ஒரு சோப்புக் கட்டியில.

இது சும்மா பாட்டி வைத்தியம் இல்லை. 2015-ல 22 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தாங்க. இந்த மாதிரி சுத்தப் பராமரிப்பு செய்யறவங்களுக்கு அந்தக் காய்ச்சல் வர்ற வாய்ப்பு கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்காக் குறையுது. ஒடிசாவோட குர்தா மாவட்டத்துல கிராமம் கிராமமா இதைச் சொல்லிக் கொடுத்த திட்டத்தோட பொருளாதாரக் கணக்கு 2016-ல வந்தது. ஒரு நோயாளிக்கு ஆகற செலவைப் போல 130 மடங்குக்கு மேல அவர் வாழ்நாள்ல மிச்சமாகுதாம். கேரளாவுல காசர்கோடு தோல் மருத்துவ நிறுவனம் ஆயுர்வேதம், யோகா, நவீன மருத்துவம் மூணையும் சேர்த்து வீக்கத்தைக் குறைக்கற முறையை வருஷக்கணக்கா செஞ்சு, கட்டுரையாவும் போட்டிருக்காங்க.

மனசைப் பத்தி? 2015-ல மூணு ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டாங்க. டாலின்னு ஒரு அளவு இருக்கு. நோயால இழந்த ஆரோக்கியமான வருஷங்களை எண்ணற முறை. அதுவரைக்கும் உலகக் கணக்குல யானைக்கால் நோய்க்கு எழுதியிருந்தது 27.8 லட்சம் வருஷம். நோயாளிகளோட மனச்சோர்வை மட்டும் தனியா கணக்குப் போட்டா 50.9 லட்சம் வருஷம் வந்தது. உடம்பு நோயைவிட மனசு நோய் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. கல்யாணம் நின்னு போன பொண்ணு, வேலைக்குச் சேர்த்துக்காத முதலாளி, பஸ்ல பக்கத்துல உட்காராத ஆளுங்க, விரைவீக்கத்தை வெளிய சொல்ல முடியாம வேட்டிக்குள்ள மறைச்சுக்கிட்டு வாழ்ற ஆம்பளை, இவங்க எல்லாம் அந்த ரெண்டு மடங்குக்குள்ளதான் இருக்காங்க. இதைப் பத்தின கட்டுரைகளை விரல் விட்டு எண்ணினா கொஞ்ச நேரத்துல முடிஞ்சுடும். புழு பத்தினது முடியாது.

*

ஏன் இப்படி? எனக்குத் தோணற காரணங்கள் மூணு.

ஒண்ணு, இலக்கு. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கறவங்க ஒரு தேதி வெச்சிருப்பாங்க. 2020, 2030-ன்னு உலக இலக்கு. இந்தியா 2015-ன்னு சொல்லி, தள்ளித் தள்ளி, 2023 ஜனவரியில 2027-ன்னு அறிவிச்சிருக்கு. அந்தத் தேதிக்குள்ள முடியற வேலைக்குத்தான் பணம் வரும். தொற்றை ஒழிக்கறதுக்குத் தேதி வைக்கலாம். வீங்கின காலோட இன்னும் 30 வருஷம் வாழப்போறவருக்கு என்ன தேதி வைப்பீங்க?

ரெண்டு, சோப்புல காப்புரிமை இல்லை. இதுல யாரையும் குத்தம் சொல்ல முடியாது, உலகமே அப்படித்தான் ஓடுது. 1975-ல இருந்து 1999 வரைக்கும் சந்தைக்கு வந்த 1,393 புது மருந்து மூலக்கூறுகள்ல வெப்பமண்டல நோய்களுக்கும் காசநோய்க்கும் சேர்த்து வெறும் 16-தான்னு 2002-ல லான்செட்ல ஒரு கட்டுரை வந்தது. மருந்துக்கே இந்த கதின்னா பேசினும் துண்டும் எந்த மூலைக்கு?

மூணு, ஆய்வு செய்யற வசதி. கொசுவைப் பிடிச்சுட்டு வந்து ஆய்வகத்துல வெச்சு வருஷம் முழுக்க கட்டுரை எழுதலாம். ஒரு காலைப் பின்தொடரணும்னா அந்த ஆளோட வீட்டுக்கு மாசாமாசம் போகணும், காய்ச்சல் வந்தா எழுதணும், அவரு வேற ஊருக்குப் போயிட்டா தேடணும். ரெண்டு மூணு வருஷம் கழிச்சு ஒரு கட்டுரை வரும். பதவி உயர்வுக்குக் கட்டுரையை எண்ணற உலகத்துல இதை எவன் செய்வான்?

*

எதிர்வாதம் எனக்கும் தெரியும். "வந்தபின் வருந்துவதைவிட வராமல் தடுப்பதுதானே முக்கியம்? ஒரு ரூபாய்தான் இருக்குன்னா அதைக் குழந்தைங்களுக்குத் தொத்தாம இருக்கத்தானே செலவு பண்ணணும்?" நியாயமான கேள்வி. 2000-ல இருந்து 900 கோடிக்கும் மேல மாத்திரைத் தவணைகள் கொடுக்கப்பட்டிருக்கு. நம்ம பசங்க யானைக்கால்னா என்னன்னே தெரியாம வளர்றாங்கன்னா அதுக்கு அந்தப் புழு ஆராய்ச்சிதான் காரணம். அதுக்கு ஒரு பெரிய கும்பிடு.

என் கவலை இனிமேல் வர்ற காலத்தைப் பத்தி. தமிழ்நாட்டுல பெரும்பாலான மாவட்டங்கள்ல மாத்திரை கொடுக்கறது நின்னாச்சு. பக்கத்துல இலங்கை 2016-லயே உலக சுகாதார நிறுவனத்தோட சான்றிதழ் வாங்கிடுச்சு. அதுக்குப் பிறகும் அங்க என்ன ஆராய்ச்சி வருதுன்னு பார்த்தா, காலி பக்கத்துக் கடலோரத்துல இன்னும் புழு மிச்சம் இருக்கா, திரும்ப வருதாங்கறதுதான் அதிகம். தேவையான ஆராய்ச்சிதான். ஆனா இதுல இருந்து ஒண்ணு புரியுது. புழு இருக்கற வரைக்கும் ஆராய்ச்சி புழுவோட இருக்கும், புழு போனதும் ஆராய்ச்சியும் மூட்டை கட்டிடும். கால் மட்டும் அங்கயே இருக்கும். இன்னிக்கு 40 வயசுல வீக்கம் உள்ள ஒருத்தர், நாடு முழுக்க "ஒழிச்சாச்சு"ன்னு கேக் வெட்டின பிறகும் இன்னும் 30, 35 வருஷம் வாழ்வார். அப்ப அவரைப் பார்க்கற இளம் டாக்டருக்கு இந்த நோயைப் பாடப்புத்தகத்துல மட்டும்தான் தெரியும்.

சான்றிதழ் வாங்கறதுக்கு நோயாளிகள் எத்தனை பேர், சிகிச்சை எங்க கிடைக்குது, அந்தச் சிகிச்சை தரமானதான்னு காட்டணும்னு உலக சுகாதார நிறுவனமே கேக்குது. நல்ல விஷயம். ஆனா காகிதத்துல காட்டறது வேற, அது வேலை செய்யுதான்னு ஆராய்ச்சி பண்றது வேற.

"சோப்பு போட்டுக் கழுவறதுல என்னய்யா ஆராய்ச்சி?"ன்னு கேப்பீங்க. எனக்குத் தெரிஞ்ச கேள்விகளை மட்டும் சொல்றேன். அரசாங்கம் பேசின், குவளை, சோப்பு, துண்டு, களிம்பு அடங்கின பை கொடுக்குது. ஒரு வருஷம் கழிச்சு எத்தனை பேர் அதைப் பயன்படுத்தறாங்க? சோப்பு தீர்ந்தா வாங்கறாங்களா? குடத்துல தண்ணி பிடிக்கற தெருவுல ரெண்டு வேளை கால் கழுவத் தண்ணி எங்க? புடவையைத் தூக்கிக் கால் கழுவ மறைப்பான இடம் இருக்கா? வீங்கின காலுக்கு அளவான செருப்பு எங்க கிடைக்குது, என்ன விலை? வயசாகி, குனிய முடியாம, சர்க்கரையும் சேர்ந்துட்டா அந்தக் காலை யாரு கழுவறது? நாத்து நடற, நாள் முழுக்கச் சேத்துல நிக்கற பொம்பளைங்களுக்கு "விரல் இடுக்கை ஈரமில்லாம வெச்சுக்கோங்க"ன்னு சொன்னா சிரிக்க மாட்டாங்களா? அவங்களுக்கு வேற என்ன வழி?

இது ஒவ்வொண்ணும் ஆய்வுக் கேள்விதான். மரபணு வரிசைப்படுத்தற இயந்திரம் எதுவும் வேணாம். நம்ம ஊர் மருத்துவக் கல்லூரிகள்ல சமூக மருத்துவத்துல மேல்படிப்புக்கு ஆய்வேடு எழுதற பசங்க செய்யக்கூடிய வேலை. 2021 ஆகஸ்ட்ல தமிழ்நாட்டுல ஆரம்பிச்ச "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்துல சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு வீட்டுக்கே ஆள் போறாங்க. இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கு வருது. அந்த வரிசையில இந்தக் காலையும் சேர்த்து, காய்ச்சல் எத்தனை தடவை வந்ததுன்னு நோட்டுல ஒரு கோடு போட்டு, ரெண்டு வருஷம் கழிச்சு அந்தக் கோடுகளை எண்ணிக் கட்டுரையா போட்டா, ஒடிசா கணக்குக்குப் பக்கத்துல தஞ்சாவூர் கணக்கு ஒண்ணு நிக்கும். உலகமே எடுத்துப் படிக்கும்.

*

கடைசியா நம்ம மக்களுக்கு, அதான் பதிவெழுதற கூட்டத்துக்கு.

நாம சினிமா விமர்சனம் எழுதறோம், சமையல் குறிப்பு எழுதறோம், அரசியல்ல அடிச்சுக்கறோம், ஒரு வார்த்தைக்காக நாப்பது பின்னூட்டம் சண்டை போடறோம். தப்பில்லை, நானும் அந்த ஜோதியில கலந்தவன்தான். ஆனா இந்த நோயைப் பத்தி நம்மகிட்ட இருக்கற தமிழ் எழுத்தைத் தேடிப் பாருங்க. கொசு, புழு, மாத்திரை எல்லாம் இருக்கும். கால் வீங்கினவர் தினமும் என்ன செய்யணும்ங்கறது பெரும்பாலும் கடைசி வரியில "சுத்தமாக வைத்துக்கொள்ளவும்"னு முடிஞ்சிருக்கும். ஆங்கிலக் கட்டுரையோட அதே பழக்கம் நம்ம தமிழுக்கும் தொத்தியிருக்கு.

அதை மாத்த நமக்கு யாரோட நிதியும் வேணாம். உங்க வட்டாரத்துல நெறி கட்டின காய்ச்சலுக்கு என்ன பேர் சொல்றாங்க, அது வந்தா என்ன கைவைத்தியம் செய்யறாங்க, எந்த ஆஸ்பத்திரியில கால் பராமரிப்பு சொல்லித் தர்றாங்க, அளவான செருப்பு தைக்கறவர் யாராவது இருக்காரான்னு ஒரு பத்தி எழுதுங்க. கால் வீங்கினவரோட பேரும் படமும் போட வேணாம், தயவுசெஞ்சு. அவர் சொன்ன விஷயம் போதும். உங்கள்ல டாக்டர்கள், நர்ஸுகள், இயன்முறைக்காரங்க இருக்கீங்க, எனக்குத் தெரியும். கழுவற முறையைப் படிப்படியா, பாட்டிக்குப் புரியற தமிழ்ல எழுதுங்க. அந்தப் பாட்டி வலைப்பதிவு படிக்க மாட்டாங்க, சரிதான். பேரன் படிப்பான். போன்ல எடுத்துக் காட்டுவான்.

பி.கு. 1: கால் ஏற்கெனவே சிவந்து, கொதிச்சு, காய்ச்சல் இருக்கும்போது பயிற்சி எதுவும் செய்யக்கூடாது. காலை உயர்த்தி வெச்சு ஓய்வு, ஈரத்துணி ஒத்தடம், நிறைய தண்ணி, உடனே டாக்டர். வெந்நீர் ஒத்தடமும் கீறி ரத்தம் எடுக்கறதும் வேணவே வேணாம்.

பி.கு. 2: விரைவீக்கத்துக்கு அறுவை சிகிச்சை இருக்கு, அரசு ஆஸ்பத்திரியிலயே செய்யறாங்க. வெக்கப்பட்டுக்கிட்டு இருபது வருஷம் சுமக்க வேண்டிய விஷயம் இல்லை அது. யாருக்காவது உபயோகப்படும்னா சொல்லி வைங்க.